இல்லாத விலங்குகளுக்கு ஒரு கையேடு எழுதுவது எப்படி?

மாயவிலங்குக் கையேடு எழுத உட்காரும் எல்லோரும் முதலில் விலங்குகளின் பட்டியலைத்தான் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மொத்தம் நாற்பது விலங்குகள், பாதிக்கு மேல் சிறகு, எல்லாவற்றுக்கும் ஒளிரும் கண். படித்துப் பார்த்த நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதையெல்லாம் யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தது?" என்னிடம் பதில் இல்லை. நாற்பதையும் குப்பையில் போட்டேன்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. மாயவிலங்குக் கையேடு என்பது கதையே இல்லாதது போல நடிக்கும் ஒரு கதை. நாயகன் கிடையாது, உரையாடல் கிடையாது, அத்தியாயம் கிடையாது. பெயர், தோற்றம், உணவு, வாழிடம் என்று வறண்ட பதிவுகள் மட்டும்தான். ஆனாலும் நல்ல கையேட்டைக் கீழே வைக்க முடியாது. காரணம், பதிவுகளுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது நமக்குக் கேட்கிறது. விலங்கைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் தன்னைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போகிறார், தனக்கே தெரியாமல்.

முதல் வேலை: தொகுப்பவரைப் பிடியுங்கள்

விலங்குகளை ஓரமாக வையுங்கள். இந்தக் கையேட்டைத் தொகுக்கும் கற்பனை ஆள் யார் என்று முடிவு செய்யுங்கள். பெயரும் வயதும் அவ்வளவு முக்கியமில்லை. மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். இவர் எதற்காக ஊர் ஊராக அலைகிறார்? எதற்குப் பயப்படுகிறார்? எதைப் பார்க்காமலேயே பார்த்ததாக எழுதுகிறார்?

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கூடவே அழைத்துப் போகலாம். நம் தொகுப்பாளர் ஓய்வுபெற்ற கட்டட ஆய்வாளர், ஒரு அம்மா. கைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். பழைய கட்டடங்களை அளக்கப் போன இடங்களில் பார்த்த விலங்குகளைக் குறித்து வைத்திருக்கிறார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க எப்போதும் தம்பி கூட வருவார். இப்போதைக்கு இவ்வளவு போதும். அந்தத் தம்பியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு ஆள் கிடைத்தவுடன் பாதி முடிவுகள் தாமாக விழுந்துவிடும். கட்டட ஆய்வாளருக்கு டிராகன் எதற்கு? அவர் கண்ணில் படுவது மாடிப்படி, பரண், சுவர் விரிசல், தண்ணீர்த் தொட்டி. உலகத்து மாயவிலங்குகள் எல்லாவற்றையும் பற்றி எழுத வேண்டியதில்லை. கட்டடங்களில் ஒட்டி வாழ்பவை மட்டும் போதும். புதிதாக எழுதுபவர்கள் சறுக்கும் முதல் இடமே பரப்புதான். பரப்பைச் சுருக்கினால் விலங்குகள் ஒன்றுக்கொன்று உறவாகத் தொடங்கும். பரணில் இருப்பதைச் சுவரில் இருப்பது தின்னும்.

யார் படிக்கப் போகிறார்கள்?

கையேட்டுக்குள்ளேயே ஒரு கற்பனை வாசகரும் இருக்கிறார். வேட்டைக்காரருக்கான கையேட்டில் எங்கே அடிக்க வேண்டும் என்று இருக்கும். வைத்தியருக்கானதில் பித்தப்பையின் குணம் இருக்கும். நம் அம்மா தனக்குப் பின் வேலைக்கு வரும் இளம் ஆய்வாளர்களுக்காக எழுதுகிறார். ஆகவே தொனி கண்டிப்பானது, கொஞ்சம் சலிப்பானது: "கைவிளக்கு இல்லாமல் பரணில் ஏறாதீர்கள். இதை முன்பே சொல்லிவிட்டேன்."

வரிசைப்படுத்தும் முறையே ஒரு வாக்குமூலம்

அகரவரிசை எளிது, ஆனால் ஊமை. எதை எதன் பக்கத்தில் வைக்கிறார் என்பதில்தான் ஒருவருடைய மனம் தெரியும்.

பழைய உதாரணங்களே போதும். தொல்காப்பியத்தின் 'மரபியல்' என்ற பகுதி உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது: புல்லும் மரமும் ஓரறிவு, சிதலும் (கறையான்) எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, மனிதருக்கு ஆறு. இதில் பல்லும் நகமும் கணக்கில் இல்லை; ஒரு உயிருக்கு உலகம் எவ்வளவு எட்டுகிறது என்பதுதான் கணக்கு. இன்னொரு பக்கம், கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் உருவான 'பிசியோலோகஸ்' என்ற தொகுப்பு. சிங்கக்குட்டி இறந்தே பிறக்கும், மூன்றாம் நாள் தந்தை வந்து ஊதி உயிர் கொடுக்கும் என்று அது சொல்கிறது. சொன்ன கையோடு அதற்கு ஒரு சமயப்பொருளும் தருகிறது. அந்த நூலைத் தொகுத்தவருக்குச் சிங்கம் ஒரு சாக்குதான்.

ஹாரி பாட்டர் வரிசையின் துணைநூலாக 2001இல் வந்த மாயவிலங்குக் கையேடு ஆபத்தின் அளவை வைத்து ஒன்று முதல் ஐந்து குறி வரை இடுகிறது. அது அந்த உலகத்து அரசாங்கத்தின் தரவரிசை. அதாவது ஒவ்வொரு பதிவிலும் ஒரு அலுவலகத்தின் முத்திரையும் சேர்ந்தே வருகிறது.

நம் ஆய்வாளர் எப்படி வரிசைப்படுத்துவார்? என் யோசனை: கட்டடத்தின் கீழிருந்து மேலாக. அடித்தளம், தரைத்தளம், படிக்கட்டு, மாடி, பரண், கூரை. வேலை பார்த்த பழக்கம். படிக்கட்டுப் பகுதி மட்டும் மற்றவற்றைவிட மிகவும் குட்டையாக இருக்கட்டும். ஏன் என்று வாசகர் யோசிக்கட்டும்.

விலங்கு: ஒரே ஒரு அதிசயம், மீதி எல்லாம் கணக்கு

சரி, இப்போது விலங்குக்கு வரலாம். ஒரு விலங்குக்கு நடக்காத காரியம் ஒன்று போதும். பறக்கும், நெருப்புக் கக்கும், மனதைப் படிக்கும், உருமாறும் என்று நான்கையும் கொடுத்தால் நான்கும் செல்லாக்காசு. ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதன் விளைவுகளைக் கறாராகத் தொடருங்கள். எதைத் தின்னும்? எப்படிக் குட்டி போடும்? அதைத் தின்பது எது? பஞ்ச காலத்தில் என்ன செய்யும்?

சங்கப் பாடல்களில் வரும் அசுணம் என்ற விலங்கு இதற்கு நல்ல பாடம். அதற்கு ஒரே குணம்: இசைக்கு உருகும். இனிய இசை கேட்டால் மயங்கி நெருங்கி வரும். கொடிய பறையொலி கேட்டால் உயிரை விடும். அப்படியானால் வேட்டைக்காரர் என்ன செய்வார்? முதலில் யாழை மீட்டி வரவழைப்பார், பிறகு பறையை அறைவார். நற்றிணை 304ஆம் பாடலில் வரும் பெண், தன் காதலனின் மார்பு அசுணத்தைக் கொல்பவர் கையைப் போல இன்பமும் துன்பமும் உடையது என்கிறாள். ஒரு குணம், அதிலிருந்து ஒரு வேட்டைமுறை, அதிலிருந்து ஒரு காதல். அந்த விலங்கின் உருவம் பற்றி அந்தப் பாடலில் ஒரு சொல்கூட இல்லை. கொம்பா, இறகா? நமக்கும் அது தேவைப்படவில்லை. புதிதாக எழுதுபவர்கள் தோற்றத்துக்கு ஒரு பத்தி, நடத்தைக்கு ஒரு வரி என்று கொடுப்பார்கள். தலைகீழாக மாற்றிப் பாருங்கள்.

நம் கையேட்டுக்கு ஒன்று செய்வோம். இருட்டில் படியிறங்கும்போது, படிகள் முடிந்த பிறகும் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை விட்டு, தரை 'தொம்'மென்று மோதுமே, எல்லோருக்கும் நடந்திருக்கும். அங்கே நேற்றுவரை ஒரு விலங்கு படுத்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். படிக்கட்டின் அடியில் கூடுதலாக ஒரு படிபோலப் படுத்துக்கொள்ளும் விலங்கு. அதிசயம் அவ்வளவுதான். இனிமேல் கணக்கு. ஏன் படுக்கிறது? மிதிபடுவதுதான் அதன் உணவு. மனித எடையைத் தின்று வாழ்கிறது. அப்படியானால் ஆளில்லா வீட்டில் பட்டினி கிடக்கும். கல்யாண மண்டபத்தில் கொழுக்கும். லிஃப்ட் போட்ட கட்டடத்தில் மெலிந்து, ஒரு நாள் காணாமல் போகும். அது இருக்கும்வரை யாருக்கும் ஆபத்தில்லை, எழுந்து போனால்தான் ஆபத்து. இந்தக் கடைசி வரி எனக்கு எழுதும்போதுதான் கிடைத்தது. கணக்கை ஒழுங்காகப் போட்டால் இப்படிச் சில வரிகள் இலவசமாக வரும்.

பெயர்

புரியாத ஒலிகளைக் கோத்து 'ஸ்ராக்வோர்' என்று பெயர் வைப்பதைத் தயவுசெய்து விடுங்கள். மக்கள் ஒரு விலங்குக்குப் பெயர் வைப்பது பல நேரம் அது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான். எறும்புதின்னி, மரங்கொத்தி, மீன்கொத்தி எல்லாம் அப்படி வந்தவை.

நம் படி விலங்குக்கு ஆய்வாளர் வைக்கும் பெயர் 'கடைப்படியான்'. கடைசிப் படியாகக் கிடப்பவன். கூடவே, யாருக்கும் படியாதவன் என்ற பொருளும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் கட்டடக் காவலாளிகள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பன்னிரண்டு படி உள்ள கட்டடத்தில் அவர்களுக்கு அது 'பதின்மூணு'. ஏட்டுப் பெயருக்கும் வாய்ப்பெயருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் யார் அதோடு வாழ்கிறார், யார் வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்பது தெரிந்துவிடும்.

குட்டிக்கும் பெயர் தேவைப்படும். இதற்கும் மரபியலுக்கே போகலாம். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களை அது தருகிறது. எந்த உயிருக்கு எது பொருந்தும் என்றும் சொல்கிறது. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பும் பிள்ளையும், தவழ்பவற்றுக்கும் அவையே. கடைப்படியான் தவழும் இனம், எனவே அதன் குட்டி 'படிப்பிள்ளை'. அரை விரற்கடை உயரம், கால் தடுக்குவதற்கு மட்டும் போதும். இந்தக் கண்டிப்பு வாசகருக்கு வெளியே தெரியாமல் போகலாம். ஆனால் உலகம் கெட்டியாக இருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான்.

ஒரு பதிவை இரண்டு முறை எழுதிப் பார்ப்போம்

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

"கடைப்படியான் என்பது பழைய வீடுகளில் வாழும் மர்மமான, பயங்கரமான மாயவிலங்கு. படிக்கட்டின் கடைசிப் படி போல உருமாறும் அதிசய சக்தி கொண்டது. இதனிடம் சிக்கியவர்கள் மீண்டதே இல்லை!"

இதில் கண்ணால் பார்த்தது எதுவுமே இல்லை. மர்மம், பயங்கரம், அதிசயம் மூன்றும் வாசகர் உணர வேண்டியவை, நாம் சொல்லிவிட்டால் அவருக்கு வேலை இல்லை. மீண்டவர்களே இல்லையென்றால் இந்தத் தகவலை யார் வந்து சொன்னார்? இப்போது ஆய்வாளர் எழுதட்டும்:

"கடைப்படியான். நீளம் அந்தந்தப் படிக்கட்டைப் பொறுத்தது. உயரம் மட்டும் மற்ற படிகளைவிட அரை விரற்கடை குறைவு. நான்கு கட்டடங்களில் அளந்தோம். தொட்டால் வெதுவெதுப்பு. மிதித்தால் அசையாது. மிதிபடுவதுதான் அதற்குச் சாப்பாடு என்கிறார்கள் காவலாளிகள். விடியுமுன் எழுந்து போய்விடும். எங்கே போகிறது என்று தெரியவில்லை. கடித்ததாகத் தகவல் இல்லை. நூலகக் கட்டடத்தில் பன்னிரண்டு படிகள். மறுபடி எண்ணியபோதும் பன்னிரண்டுதான். தம்பி பதின்மூன்று என்றான்."

வியப்புக்குறி ஒன்றுகூட இல்லை. அளவு இருக்கிறது, அளந்தவர் இருக்கிறார், தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லும் நேர்மை இருக்கிறது. பொய்யை நம்பவைக்க மிகப் பெரிய உதவி அந்த "தெரியவில்லை"தான். எல்லாம் தெரிந்தவர் எழுதிய கையேட்டை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் பதிவுக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. அதற்கு மேல் போனால் சோம்பேறித்தனம் என்று பிடித்துவிடுவார்கள்.

பார்த்தது, கேட்டது, ஆமாம் போட்டது

தமிழில் எழுதுபவருக்கு இந்த வகையில் ஒரு சொத்து இருக்கிறது. இந்த நான்கையும் பாருங்கள்: "அது அழுததைக் கேட்டேன்." "அது அழும்." "அது அழும் என்கிறார்கள்." "அது அழுமாம்." செய்தி ஒன்றுதான். முதலாவதில் தொகுப்பவர் சாட்சி. இரண்டாவதில் அவர் அதிகாரி. மூன்றாவதில் நிருபர். நாலாவதில் உதட்டோரம் லேசாகச் சுழிக்கிறது. நம்பவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு 'ஆம்' ஒட்டினால் போதும்.

தொல்காப்பியர் அடிக்கடி "என்ப", "என்மனார் புலவர்" என்று முன்னோர் மேல் பாரத்தை வைத்து முடிப்பது நினைவிருக்கும். உங்கள் தொகுப்பாளருக்கும் அப்படி ஒரு முத்திரை வாக்கியம் கொடுங்கள். அப்புறம், முக்கியமான ஒரு இடத்தில் அதை மீறவையுங்கள். ஐம்பது பக்கம் "என்கிறார்கள்" என்று எழுதியவர் திடீரென்று "கேட்டேன்" என்று எழுதினால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்விப்பட்டதை வைத்து எழுதுவதிலும் ஒரு அழகு உண்டு. ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1515இல் காண்டாமிருகத்தை மரச்செதுக்கு ஓவியமாக வரைந்தார். அந்த விலங்கை அவர் பார்த்ததே இல்லை. லிஸ்பனில் வந்திறங்கிய ஒன்றைப் பற்றிய விவரிப்பும் யாரோ போட்ட கோட்டோவியமும்தான் அவர் கையில் இருந்தன. தோலைப் போர்க்கவசத் தகடுபோல வரைந்து, முதுகின் முன்புறத்தில் இல்லாத குட்டிக் கொம்பு ஒன்றையும் வைத்துவிட்டார். அந்தக் கொம்பு அதற்குப் பிறகு பல தலைமுறை விலங்கியல் நூல்களில் பிரதியாகிக்கொண்டே போனது. உங்கள் தொகுப்பாளரும் எங்காவது ஒரு இடத்தில் இப்படி ஒரு கொம்பை நம்பி ஏமாறட்டும். பின்னால் வரும் பதிவு ஒன்றில் வாசகர் அதைத் தானே கண்டுபிடிக்கட்டும்.

ஓரம், அடிக்குறிப்பு, ஒப்புநோக்கு

கையேட்டின் உடம்பைவிட ஓரங்கள்தான் எனக்குப் பிடிக்கும். மேலே சொன்ன 2001ஆம் ஆண்டுக் கையேடு, பள்ளி மாணவன் வைத்திருந்த பிரதி போலவே அச்சிடப்பட்டது. ஓரங்களில் ஹாரியும் நண்பர்களும் கிறுக்கிய குறிப்புகள். பாடநூல் ஒரு குரல், கிறுக்கல் இன்னொரு குரல். இரண்டும் மோதும் இடத்தில் சிரிப்பு. இரண்டாவது கை ஒன்றை நுழைக்கும்போது அதற்கு ஒரு நோக்கம் இருக்கட்டும்: திருத்துகிறதா, கேலி செய்கிறதா, எச்சரிக்கிறதா?

அடிக்குறிப்பில் தொகுப்பவர் மறைக்க நினைப்பதை வையுங்கள். "காண்க: கூரைப் பகுதி" என்ற ஒப்புநோக்கைக் கொடுத்துவிட்டு, அங்கே போனால் அந்தப் பதிவே இல்லாமல் செய்யலாம். ஒரு நூலுக்கு ஒருமுறை. இரண்டாம் முறை செய்தால் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள். வரைபடம், படவிளக்கம் எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

பதிவுகளின் நீளத்தையும் கலைத்துப் போடுங்கள். எல்லாம் அரைப்பக்கம் என்றால் விண்ணப்பப் படிவம் படிப்பதுபோல் இருக்கும். ஒன்று மூன்று பக்கம் ஓடட்டும், அடுத்தது ஒரே வரி: "சுவர்நாக்கு. பார்த்தால் பேசாதீர்கள்."

உள்ளே ஓடும் கதை

இப்போது தம்பியைக் கூப்பிடலாம். முப்பது பதிவுகள் எழுதுகிறீர்கள் என்றால் ஆறு ஏழில் மட்டும் கதை கசிந்தால் போதும். தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பதிவில் என்ன கசிகிறது என்று. முதலில் நடந்த வரிசையில் கதையை எழுதுங்கள், பிறகு கட்டட வரிசையில் சிதறடியுங்கள். கையேட்டை யாரும் முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காகப் படிப்பதில்லை, நடுவில் திறப்பார்கள். எந்தப் பக்கத்தில் திறந்தாலும் ஒரு துண்டு கிடைக்க வேண்டும்.

கசிவு எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்கு ஒன்று காட்டுகிறேன். தொடக்கப் பதிவுகளில் ஆய்வாளர் "அளந்தோம்", "ஏறிப் பார்த்தோம்" என்று எழுதுகிறார். படிக்கட்டுப் பகுதிக்குப் பிறகு, மாடியிலிருந்து கூரை வரை, எல்லாம் "அளந்தேன்", "ஏறிப் பார்த்தேன்". எங்கும் விளக்கம் இல்லை. வினைமுற்றில் ஒரு விகுதி மாறியது மட்டும்தான். பரண் பதிவு ஒன்றில் "நாடாவின் மறுமுனையை ஆணியில் மாட்டி அளந்தேன்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். தம்பிக்கு என்ன ஆயிற்று என்று நேராகச் சொல்லும் வாக்கியம் ஒன்று கைக்கு வரும், ஆசையாகத்தான் இருக்கும். எழுதிப் பாருங்கள், பிறகு அடித்துவிடுங்கள். நான் இதில் இரண்டுமுறை தோற்றிருக்கிறேன். சொல்லிவிட்ட பிரதியைப் படித்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். சொல்லாத பிரதியைப் படித்தவர்கள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார்கள்.

எழுதும் வரிசை

நூலில் வரும் வரிசையில் எழுதாதீர்கள். தொகுப்பவருக்கு மிகவும் பிடித்த விலங்கில் தொடங்குங்கள், அப்போதுதான் குரல் பிடிபடும். பிறகு அவருக்குப் பிடிக்காத ஒன்று. இந்த இரண்டும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தால் மேலே போகலாம். ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் விலங்கின் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். இன்னொரு விலங்கின் பெயரை அங்கே போட்டாலும் பொருந்துகிறது என்றால் அந்தப் பதிவு இன்னும் வேகவில்லை.

முன்னுரை கடைசியில். அதற்கும் பிறகு, நூலின் இறுதியில் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்றைச் சேருங்கள்; பலரும் தொடாத இடம் இது. நூல் அச்சுக்குப் போன பிறகு தொகுப்பவர் தெரிந்துகொண்டதை வைக்க இதைவிடத் தோதான மூலை கிடையாது. நம் ஆய்வாளருடையது மூன்றே வரி:

"பக்கம் 9: 'சுண்ணாம்பு' என்பதைச் 'சுண்ணாம்புச் சாந்து' எனத் திருத்திப் படிக்கவும்.

பக்கம் 41: 'சாது' என்பதைச் 'சாது அல்ல' எனத் திருத்திப் படிக்கவும்.

பக்கம் 23: நூலகக் கட்டடத்தின் படிகள் பதின்மூன்று."